ஒரே குவார்ட்டர், இரண்டு உடம்பு: குடி ஆணையும் பெண்ணையும் ஏன் வேறுவிதமாகக் கெடுக்கிறது?

"ஆம்பள உடம்பு, தாங்கும்." மதுரைப் பக்கம் டீக்கடை பெஞ்சிலும் கல்யாண மண்டப வாசலிலும் இந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கூடவே இன்னொன்றும் வரும்: "பொம்பளைக எங்க குடிக்கிறாக, அது நம்ம ஊர்ப் பிரச்சினையே கெடையாது." நான் ஓய்வுபெற்ற செவிலியர். இந்த இரண்டு நம்பிக்கையாலும் ஆட்கள் மருத்துவமனைக்குக் காலம் கடந்து வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆண், உடம்பு தாங்குகிறது என்று நினைத்துத் தாமதிக்கிறார். பெண், வெளியே சொல்ல முடியாமல் தாமதிக்கிறார்.

குடி இரண்டு உடம்பையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. அதற்குக் காரணம் ஒழுக்கமோ மனவலிமையோ கிடையாது. உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வயிற்றில் என்ன சுரக்கிறது, எந்த ஹார்மோன் ஓடுகிறது என்பவைதான் காரணம். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்து மகளிர் குழுக்களில் உடல்நலம் பற்றிப் பேசப் போகும்போது என்னிடம் கேட்கிற கேள்விகளை ஒட்டியே இதைச் சொல்லிப் போகிறேன்.

## குவார்ட்டருக்குள் எவ்வளவு இருக்கிறது?

போதை தரும் பொருளின் பெயர் எத்தனால். பிராந்தி, ரம், பீர், ஒயின் எதைக் குடித்தாலும் உள்ளே போவது இந்த எத்தனால்தான். நிறமும் வாசனையும் விலையும் மட்டுமே மாறும். டாஸ்மாக் கடையில் விற்கும் குவார்ட்டர் 180 மி.லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் எத்தனால் வருகிறது. இரண்டு பேர் பங்கு போட்டு அடிக்கும் கட்டிங்கில் ஆளுக்கு 30 கிராம்.

"பீர்தானே, சூட்டுக்கு நல்லது" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 8 சதவீதம் எத்தனால் இருந்தால், அது 40 கிராமைத் தாண்டும். அப்படி இரண்டு பாட்டில் குடித்தவர் ஒரு குவார்ட்டரைவிட அதிகமாகவே குடித்திருக்கிறார். சூடு தணிவதாகச் சொல்வதும் தவறுதான். எத்தனால் சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும். சித்திரை வெயிலில் பீர் குடித்தவர் உடம்பில் தண்ணீர் குறைந்துதான் போகும்.

எத்தனை ரவுண்டு, என்ன சரக்கு என்பதை மறந்துவிட்டு இந்தக் கிராம் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். இனிமேல் வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

## ஒரே அளவு, வேறு அடர்த்தி

நன்னாரி எசன்ஸ் ஒரு கரண்டி எடுத்துப் பெரிய சொம்புத் தண்ணீரில் கலக்குங்கள். அதே ஒரு கரண்டியை இன்னொரு முறை எடுத்துச் சின்ன டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். டம்ளரில் இருப்பதை வாயில் வைக்க முடியாது, திகட்டும். எசன்ஸ் கூடவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது.

எத்தனாலும் உடம்பிலுள்ள தண்ணீரில்தான் கலக்கிறது. கொழுப்பில் அவ்வளவாகச் சேராது. ஆண் உடம்பின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். பெண் உடம்பில் இயற்கையாகவே கொழுப்பின் பங்கு அதிகம் என்பதால் தண்ணீர் சுமார் 50 சதவீதம்தான். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு 36 லிட்டர் தண்ணீர், அதே 60 கிலோ பெண்ணுக்கு 30 லிட்டர். இருவரும் ஆளுக்கொரு குவார்ட்டர் குடித்தால், ஆணுக்கு லிட்டருக்கு 1.7 கிராம் வரை ஏறும், பெண்ணுக்கு 2 கிராம் வரை ஏறும்.

நிஜத்தில் பெண்கள் எடையும் குறைந்தவர்கள். சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் 45 கிலோ இருக்கிறார் என்று வையுங்கள். அவர் உடம்பில் தண்ணீர் 22 லிட்டர் சொச்சம். அதே குவார்ட்டர் அவருக்கு லிட்டருக்கு 2.7 கிராம் வரை போய்விடும். அந்த 60 கிலோ ஆணுக்கு ஏறியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மூளை, கல்லீரல், இதயம் எல்லாம் அந்த அடர்த்தியில்தான் ஊறிக் கிடக்கின்றன.

வயது ஏற ஏற எல்லோருக்குமே உடம்பின் தண்ணீர் குறையும். "முப்பது வருசமா இதே அளவுதான் குடிக்கிறேன்" என்கிற அறுபது வயதுப் பெரியவருக்கு, அந்த அளவு முப்பது வயதில் செய்ததைவிட இப்போது அதிகமாகச் செய்யும்.

## வயிறும் கல்லீரலும் செய்கிற வேலை

நொதி என்பது உடம்பு தானே தயாரிக்கிற ஒருவகைப் புரதம். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையை அது வேகப்படுத்தும். எத்தனாலை உடைக்கும் நொதி கல்லீரலில் நிறையவும், இரைப்பையின் உட்சுவரில் கொஞ்சமும் இருக்கிறது. அதனால் குடித்ததில் ஒரு சிறு பகுதி இரத்தத்தில் சேருவதற்கு முன்பே இரைப்பையில் உடைந்துவிடும். பெண்களின் இரைப்பையில், முக்கியமாக ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம், இந்த நொதி குறைவாக வேலை செய்கிறது என்று 1990-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. தண்ணீர்க் கணக்கில் அந்த வாதம் கிடையாது. ஆகவே தண்ணீரை முதல் காரணமாகவும் இதைத் துணைக் காரணமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இரத்தத்தில் சேர்ந்ததைக் கல்லீரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது எத்தனாலைவிட நச்சு. செல்களுக்குள் இருக்கும் மரபுப் பொருளையே சேதப்படுத்தும். பிறகு வேறொரு நொதி இதை உடைத்துத் தீங்கில்லாத பொருளாக மாற்றும். குடியால் வரும் சேதத்தில் பெரும்பங்கு, இந்த இரண்டு படிகளுக்கு நடுவே அசிட்டால்டிஹைடு தங்கி நிற்கும் நேரத்தில்தான் நடக்கிறது.

கல்லீரல் அவசரப்படாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7, 8 கிராம் எத்தனாலைத்தான் அதனால் உடைக்க முடியும். ஒரு குவார்ட்டர் முழுதாகத் தீர எட்டு மணி நேரம் போல ஆகும். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளிப்பது, கட்டன் காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்றரைக் குவார்ட்டரை முடித்துவிட்டு, காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டி வருபவர் தெளிந்துவிட்டதாக நினைப்பார். சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவர் அந்த வரம்பைத் தாண்டி இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் எத்தனால் அதிக அடர்த்தியில் ஏறுகிறது. அதை உடைக்கும்போது உண்டாகும் நச்சுப் பொருள்தான் உறுப்புகளைத் தாக்குகிறது. கல்லீரலின் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது.

## "அவன் ஸ்டெடியா நிப்பான்"

தள்ளாடாமல் நிற்பதை நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். தினம் குடிக்கக் குடிக்க மூளை எத்தனாலுக்குப் பழகிக்கொள்கிறது. முன்பு கட்டிங்கில் வந்த போதைக்கு இப்போது முழுக் குவார்ட்டர் தேவைப்படுகிறது.

பழகிக்கொண்டது முக்கியமாக மூளைதான். கல்லீரலும் இதயமும் கணையமும் சேதத்துக்குப் பழகிக்கொள்வதில்லை. ஸ்டெடியாக நிற்கிறவர் அதிகம் குடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது. அவர் உடம்பு பலமானது என்பதற்கு அது சாட்சி கிடையாது. ஆண்கள் ஏமாறுகிற இடம் இது.

பெண்களுக்கு வேறொரு சிக்கல். குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, இல்லாமல் முடியாது என்கிற அடிமை நிலைக்கு வருவதற்கு எடுக்கும் காலம் பெண்களுக்குக் குறைவு. சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் பல நாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆண் பத்துப் பதினைந்து வருடத்தில் வந்து சேரும் நிலைக்குப் பெண் சில வருடங்களிலேயே வந்துவிடக்கூடும். மனச்சோர்வு, பதற்றம், வீட்டில் அடி உதை ஆகியவற்றைத் தாங்க முடியாமல் குடிக்கத் தொடங்குவதும் பெண்களிடம் அதிகம். குடி அந்த மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

## கல்லீரல்: பாதி அளவிலேயே பெண்ணுக்கு வரும் கேடு

அதிகமாகக் குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வருவது கொழுப்புக் கல்லீரல், அதாவது கல்லீரல் செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுவது. இதில் வலி இருக்காது. குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே சரியாகத் தொடங்கும். நிறுத்தாதவர்களில் ஒரு பகுதியினருக்குக் கல்லீரல் வீங்கி அழற்சி ஆகும். இன்னும் சிலருக்கு சிரோசிஸ் வரும். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கி இறுகிப்போவதுதான் சிரோசிஸ். அது வந்த பிறகு கல்லீரல் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஆனால் அப்போது நிறுத்தினாலும் ஆயுள் கூடும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். "இனி நிறுத்தி என்ன ஆகப்போகுது" என்று குடியைத் தொடர்கிறவர்கள் நிறைய.

"எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு, ஒண்ணும் ஆகல" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பெருங்குடிகாரர்களில் சிரோசிஸ் வருவது நூற்றில் பத்திலிருந்து இருபது பேருக்குத்தான். அந்தப் பத்து, இருபது பேர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியில்லை. எண்பது வரை இருந்த தாத்தாவை ஊருக்கே தெரியும். நாற்பத்திரண்டில் போனவரை அவர் வீட்டார் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆணுக்குச் சிரோசிஸ் வரச் செய்கிற தினசரி அளவில் பாதியோ அதற்கும் குறைவோ பெண்ணுக்குப் போதும். வருடங்களும் குறைவாகவே ஆகும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவை நான் மறக்கவில்லை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கால் வீக்கம், வயிறு உப்பி நீர் கோத்திருந்தது, கண் மஞ்சள். காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தே மாதங்கள் ஓடியிருந்தன. படுக்கையில் சேர்த்த பிறகு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆண் நோயாளி வந்தால் முதல் கேள்வியே "குடிப்பியாப்பா?" என்பதுதான். இவரிடம் மருத்துவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் டிரிப்ஸ் மாற்றும்போது அவரே மெதுவாகச் சொன்னார்: "ஒடம்பு வலிக்கு ராத்திரிக்கு கட்டிங் போடுவேன் நர்சம்மா. எங்க கொத்தனாருதான் வாங்கியாந்து பாதிய ஊத்துவாரு. அவரு நல்லாத்தான இருக்காரு?" இருவரும் பங்கு போட்டது சரிபாதி. உடம்புதான் சரிபாதி இல்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-ன்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஒரு பெண் அந்நியர் முன்னால் "ஆமாம், குடிப்பேன்" என்று சொல்லத் தயங்குவார் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே யாரும் கேட்பதில்லை, யாரும் கேட்காததாலேயே நோய் முற்றிவிடுகிறது.

## ஒரே ஹார்மோன், இரண்டு விளைவு

ஈஸ்ட்ரோஜன் என்பது பெண் தன்மைகளை வளர்க்கும் ஹார்மோன். ஆண் உடம்பிலும் அது சிறிதளவு உண்டு. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனை உடைத்து வெளியேற்றுவதும் கல்லீரல்தான். குடி இதன் அளவைக் கூட்டுகிறது. அதனால் வரும் கெடுதல் ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு வேறு விதம்.

பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தினமும் குடிக்கும் எத்தனால் 10 கிராம் கூடக் கூட, மார்பகப் புற்றுநோய்க்கான ஆபத்து சுமார் 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது. 10 கிராம் என்பது கட்டிங்கில் மூன்றில் ஒரு பங்கு. "கொஞ்சமா எடுத்துக்கிட்டா ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சு அடிபட்டுப்போவது இங்கேதான். கொஞ்சமாகக் குடிக்கும் பெண்ணுக்கும் இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் தாறுமாறாவதும் கருத்தரிப்பது தள்ளிப்போவதும் உண்டு.

ஆணுக்கு இது வேறு வழியில் வருகிறது. குடி விரைகளை நேரடியாகத் தாக்கி, ஆண் தன்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது. கெட்ட கல்லீரலால் ஈஸ்ட்ரோஜனையும் வெளியேற்ற முடிவதில்லை. நாளாவட்டத்தில் மார்பு பெரிதாகலாம், விரை சுருங்கலாம், விறைப்பு குறையலாம், விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் குறையலாம். ஆண்மைக்கு அடையாளம் என்று நினைத்துக் குடிக்கிறவர்களிடம் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இதன் பழி பெண் மேல் விழுவதுதான் எனக்குப் பொறுக்காதது. கல்யாணமாகி நாலைந்து வருடமாகியும் குழந்தை இல்லை என்றால் மருமகளைத்தான் ஸ்கேனுக்கும் குறிகேட்கவும் கூட்டிப்போவார்கள். தினம் குடிக்கிற மகனுக்கு விந்துப் பரிசோதனை செய்யலாம் என்று சொன்னாலே மாமியாருக்குக் கோபம் வரும். அந்தப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் குடியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பலருக்கு முன்னேற்றம் தெரியும்.

விறைப்பு குறைந்த ஆண்களில் சிலருக்கு மனைவி மேல் சந்தேகம் கிளம்பும். கதவைத் தட்டிய பால்காரர் யார், போனில் பேசியது யார் என்று தொடங்கி அடிதடி வரை போகும். நீண்ட காலக் குடியோடு இந்தச் சந்தேக நோய் சேர்ந்து வருவது மனநல மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். இது சிகிச்சை தேவைப்படுகிற நிலை. "அவரு குணமே அப்படி" என்று பொறுத்துப் போகிற பெண்ணின் உயிருக்கே ஆபத்தாகக்கூடும்.

சுருக்கமாக: குடி ஹார்மோன்களின் அளவைக் குலைக்கிறது. பெண்ணுக்கு அது மார்பகப் புற்றுநோயின் வழியைத் திறக்கிறது. ஆணுக்கு ஆண்மைக் குறைவாகவும் மலட்டுத்தன்மையாகவும் வெளிப்படுகிறது.

## இதயம், எலும்பு, மூளை

நீண்ட காலம் குடித்தால் இதயத் தசை தளர்ந்து, இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துபோகும். இதுவும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த அளவிலேயே வந்துவிடுகிறது. ஆண்களிடம் இரத்த அழுத்தம் ஏறுவது அதிகம். தினம் ஒரு டம்ளர் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கும். குடி அதை வேகப்படுத்தும். மூளை சுருங்குவது இருபாலருக்கும் உண்டு.

## அப்படியானால் ஆண்கள் ஏன் அதிகம் சாகிறார்கள்?

2019-ல் உலகம் முழுக்கக் குடியால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 20 லட்சம் பேர் ஆண்கள். ஒரு கிராமுக்கு இவ்வளவு சேதம் என்று பார்த்தால் பெண்ணுக்குத்தான் அதிகம். ஆனால் ஆண்கள் குடிக்கிற அளவும் குடிக்கிற ஆட்களின் எண்ணிக்கையும் பல மடங்கு. குடிக்கிற விதமும் வேறு: வேகமாக, வெறும் வயிற்றில், பாரிலேயே முடித்துவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் பைக்கில்.

கூடவே புகையிலை. வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்களில் குடியும் புகையிலையும் ஒன்றன் ஆபத்தை மற்றொன்று பெருக்கிவிடும். பாக்குப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு குடிக்கிறவருக்கு, இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவரைவிடப் பல மடங்கு ஆபத்து. கணைய அழற்சியும் ஆண்களிடமே அதிகம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி வந்தால் அது கேஸ் கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது.

குடித்து விழுந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. நாள்பட்ட குடியால் மூளை சுருங்கியவருக்கு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள இரத்தக் குழாய்கள் லேசான அடியிலேயே கிழியும். "போதைதான், தூங்கி எந்திரிச்சாத் தெளிஞ்சிரும்" என்று திண்ணையில் கிடத்திவிடுவார்கள். தலையில் அடிபட்டு, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கக் கை கால் அசையவில்லை என்றாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

## வயிற்றில் பிள்ளை இருக்கும்போது

தாயின் இரத்தத்தில் உள்ள எத்தனால் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு அப்படியே போகிறது. அதை உடைக்கும் அளவுக்குக் குழந்தையின் கல்லீரல் வளர்ந்திருக்காது. கருச்சிதைவு, எடைக் குறைவு, முக அமைப்பில் மாற்றம், படிப்பிலும் கவனத்திலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும் சிரமம் என விளைவுகள் போகும். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று மருந்துக் குழம்போடு ஒரு மூடி பிராந்தியும் கொடுக்கிற வீடுகள் நம் பக்கம் உண்டு. சளி பிடித்த குழந்தையின் நாக்கில் பிராந்தி தடவுகிறவர்களும் உண்டு. அப்பத்தாமார்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் தாயின் இரத்தத்தில் எவ்வளவு எத்தனால் இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு தாய்ப்பாலிலும் இருக்கும். பச்சைக் குழந்தைக்கு நேரடியாகக் கொடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மிளகும் பூண்டும் போதும். பிராந்தி வேண்டாம்.

## திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

தினம் நிறையக் குடிப்பவரின் மூளை எத்தனால் இருப்பதையே வழக்கமாக்கிக்கொள்கிறது. எத்தனால் நரம்புகளை மந்தமாக்குவதால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். குடியை ஒரே நாளில் நிறுத்தினால் மந்தமாக்குவது போய்விடும், கூட்டிவைத்த வேகம் மட்டும் மிஞ்சும். இதனால் வருபவை விலகல் அறிகுறிகள். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவதும் இறந்தவர்களோடு பேசுவதும் நடக்கும். இந்த நிலைக்கு வந்தவருக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம்.

நம் ஊரில் குடியை நிறுத்துவது பெரும்பாலும் சாமி முன்னால்தான். கோயிலில் கயிறு கட்டுவார்கள், ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போடுவார்கள். அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன், பலர் அதோடு மீண்டிருக்கிறார்கள். ஆனால் மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் நடுங்கிக்கொண்டே பிதற்றினால் அதைச் சாமி வந்ததாகவோ காத்து கருப்பு அடித்ததாகவோ எடுத்து வேப்பிலை அடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. தினம் குவார்ட்டருக்கு மேல் குடிப்பவர், காலையில் எழுந்ததுமே கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்துவிட்டால், விலகல் அறிகுறிகளை அடக்கும் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுப்பார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர்களுக்கு இந்த வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அது இல்லாமல் போனால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெடலாம்.

"குடியை மறக்கடிக்கும் மருந்து, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிற பெண்கள் நிறைய. டைசல்ஃபிரம் என்ற மாத்திரை ஒன்று இருக்கிறது. அது அசிட்டால்டிஹைடு உடையாமல் தடுக்கும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். விஷயம் தெரிந்து, தானே ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது உதவும். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் குவார்ட்டரைத் திறப்பார், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். விளம்பரப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. எல்லாமே மருத்துவர் பார்த்து, கல்லீரல் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று சோதித்துக் கொடுக்க வேண்டியவை.

## எங்கே போவது, என்ன கேட்பது?

மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. குடி அடிமை நிலைக்கு அங்கே சிகிச்சை உண்டு. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா போகச் சொல்றீங்க" என்று சில ஆண்கள் முறைப்பார்கள். மூளையின் பழக்கத்தை மாற்றுகிற சிகிச்சை என்பதால் அந்தத் துறை பார்க்கிறது, அவ்வளவுதான்.

பெண்களுக்குத் தனி இடமுள்ள மறுவாழ்வு மையங்கள் மிகக் குறைவு. ஆண்கள் நிறைந்த மையத்தில் தங்க முடியாது, பிள்ளைகளை விட்டுவிட்டும் வர முடியாது. இது மாற வேண்டும் என்று நான் பேசுகிற மேடையிலெல்லாம் சொல்கிறேன். அதுவரை வெளிநோயாளியாகவே தொடங்கலாம், பலருக்கு அது போதும்.

மருத்துவரிடம் போகும்போது பெண்கள் கிராம் கணக்கோடு போங்கள். "எப்பவாவது கொஞ்சம்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் கணிக்க முடியாது. "வாரத்தில் ஐந்து நாள் ஒரு கட்டிங், ஆறு வருடமாக" என்று சொல்லுங்கள். மருத்துவர் தாமாகக் கேட்காமல் போகலாம், அதனால் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். தினம் குடிப்பவரின் கல்லீரலுக்குப் பாரசிட்டமாலே அதிகமாகச் சாப்பிட்டால் ஆபத்து. ஆண்கள் கல்லீரல் இரத்தப் பரிசோதனை நார்மல் என்ற தாளை வீட்டில் காட்டி நிம்மதியாகிவிட வேண்டாம். சிரோசிஸ் தொடங்கியவருக்கும் அந்த எண்கள் சரியாக இருக்கலாம். வயிற்று ஸ்கேனோ, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குடிக்கிறவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. மனைவி, மகள், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா யார் வேண்டுமானாலும் அழைத்து, அடுத்து எங்கே கூட்டிப்போவது என்று கேட்கலாம்.